இதர

படிவத்தில் எட்டுக் கட்டங்கள்.
தென்னைக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று,
தேக்குக்கு அடிச்சுற்று எழுத ஒன்று.
எட்டாவது, 'இதர'.
சர்வே எண்ணுக்கு நாற்பது ரூபாய் கூலி.
பென்னாகரம் சாலை அகலப்போகிற பக்கமெல்லாம்
நிரப்பிக்கொண்டே போகிறேன்.

கெம்பம்மாள் காடு முக்கால் ஏக்கர்.
அதில் பாதி பாறை.
தென்னை? இல்லை.
மா? வெச்சது, போர்வெல் வத்தின வருஷமே போச்சு.
இதர: 6
என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினேன்.

"எந்த ஆறு?" என்றாள்.
"காவேரியா?"

சிரிக்கவில்லை. புளியங்கிளையைப் பிடித்துக்கொண்டாள்.
மாசியில் உலுக்கி, பங்குனி முழுக்க
ஓடு நீக்கி நார் உருவிக் கொட்டை தட்டி
கை புண்ணாகி உப்புப்பட்டு எரிந்ததில்
மூத்தவள் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள்.
கொட்டைக்குத் தனி ஆள் வருவான், தனி விலை.
அதில் செருப்பு.

வரப்புச் சீத்தா,
ஒகேனக்கல் போகிற கார்களை
நிறுத்தத் தெரிந்த ஒரே மரம்.
விளாவை யாரும் சீண்டுவதில்லை,
பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் ஊரே தேடும்.
அந்த ஒருநாள் காசு
குழுக்கடனில் ஒரு செவ்வாய்க்கிழமை.
இலந்தை பள்ளிக்கூட வாசலில், படி பத்து;
விற்காதது மிளகாயும் உப்பும் சேர்ந்து உரலில் வடையாகும்,
வருஷம் தாண்டும்.

கொடுக்காப்புளியைப் பற்றி அவள் பேசவில்லை.
பின்னங்காலில் எழும்பி நின்ற வெள்ளாடு பேசியது.

"அந்த வறண்ட வருஷம்
கேழ்வரகு முழங்காலுக்கு வரலை.
ரேஷன் அரிசி இருபதாம் தேதியோட சரி.
மிச்சப் பத்து நாள்
நீ எழுதினியே, என்ன பேர் அது,
அதைத்தான் தின்னோம்."

கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்தால்
காய்ந்து வெடித்திருந்தது.
ஆனி மாதம். நாவலடி முழுக்க ஊதா.
ஒன்றை எடுத்து நசுக்கினாள்,
கட்டைவிரலை அழுத்தினாள்.
ரேகை ஒன்றுவிடாமல் விழுந்தது.
எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.
கொட்டையைத் துப்பியபடியே பஸ் ஏறினேன்.

தாலுகா ஆபீஸில் மேஜைக்காரர்
படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"என்னய்யா கறை" என்றார்.
"சுத்தமா வேற எழுதி எடுத்துட்டு வா."
நாற்பது ரூபாய் ஒரு தடவைக்குத்தான்.
புது மைப்பெட்டி முப்பத்தைந்து.

கடைசி பஸ். முட்டியில் வெற்றுப் படிவம்.
எட்டாவது கட்டம் என் நகத்தைவிடச் சிறிசு.
எழுத்து எவ்வளவு சிறுக்கும் என்று
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்:
புளி விளா சீத்தா இலந்
குலுங்கியதில் பேனா ஓரத்துக்கு ஓடிவிட்டது.

ஓரத்தில் நிறைய இடம் இருக்கிறது.

கண்டக்டர் என் நாக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்.