ஊதா வழித்தடம், பதினாறு நிமிடம்

மருந்தியலில் இரண்டு முறை தோற்றேன்.
இரண்டு முறையும்
என் புத்தகம் முழுக்க மஞ்சள்.
பேனா ஓடிய பக்கமெல்லாம் படித்த பக்கம் என்று
எனக்கு நானே பொய்க்கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
தேர்வறையில் நினைவுக்கு வந்தது
அந்த மஞ்சள் மட்டும்தான்.
அதற்குக் கீழே என்ன இருந்தது என்பது வரவில்லை.

மூன்றாம் முறை
எலியோடோரோ சொன்னான்:
"புத்தகத்தை மூடு.
மூடிய பிறகு மிஞ்சுவதுதான் உன்னுடையது."
அவனும் ஒருமுறை தோற்றவன்.
ஞானி மாதிரிப் பேசுவான், காலுறை துவைக்க மாட்டான்.

எல் ஆல்டோவின் விளிம்பிலிருந்து
லா பாஸ் பள்ளத்துக்குள்
கம்பியில் தொங்கியபடி இறங்கும் கேபிள் கார்.
பதினாறு நிமிடம். அதுதான் எங்கள் படிப்பறை.
பால் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செய்த சீட்டுகள்:
ஒரு பக்கம் மருந்தின் பெயர்,
மறுபக்கம் அதன் வேலை, அதன் வம்பு.
தெரிந்த சீட்டு மூன்று நாள் கழித்து வரும்.
தெரியாதது நாளைக் காலையே.

"ஓலால் என்று முடிந்தால்?"
"இதயத்தை மெதுவாக்கும். ஆஸ்துமாக்காரரிடம் கவனம்."
"சார்ட்டான் என்று முடிந்தால்?"
கீழே தகரக் கூரைகள், காயும் போர்வைகள்,
மொட்டை மாடியில் வாய் திறந்து குரைக்கும் நாய்.
அதன் குரல் எட்டாத உயரத்தில்
விடையைத் துழாவிக்கொண்டிருப்பேன்.
சொல்லித் தொலைக்க மாட்டான்.
அந்தத் தவிப்பு வேண்டுமாம்.
திட்டுவேன்.
திட்டி முடிப்பதற்குள் விடை வந்துவிடும், சில நாள்.

எதிர் இருக்கையில் தினமும் ஒருவர்.
மடியில் ரொட்டி மூட்டை,
அதன் சூட்டில் கண்ணாடி வியர்க்கும்.
செனோபியோ என்று பெயர், பிறகுதான் தெரிந்தது.
தூங்குகிறார் என்றே நினைத்திருந்தோம்.
மூன்றாவது வாரம்,
"மெட்ஃபார்மின் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?"
நான் விழித்தேன்.
கண் திறக்காமலே அவர் சொன்னார்:
"சிறுநீரகம்."

பெட்டியே சிரித்தது.
ஒரு வரிகூட அடிக்கோடிடாதவர்.
கேட்டதும், மறந்ததும், மறுபடி கேட்டதும்தான் அவர் படிப்பு.
பொறாமையில், அவரை முந்தவே அன்றிரவு உட்கார்ந்தேன்.
பத்தரைக்கு விளக்கை அணைத்தேன்.
விடிய விடியக் கண்விழிக்கும் வீரமெல்லாம்
பழைய தோல்விகளோடு போயிற்று.

பிறகொரு நாள் பிரில் சீட்டு.
"ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்."
"வம்பு?"
"வறட்டு இருமல்."

அவர் இருமினார்.
இருமிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்
பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை:
எனலாப்ரில்.
"மாவுத் தூசி என்று நினைத்தேன்," என்றார்,
"ஏழு மாதமாக."

எந்தச் சீட்டிலும் இல்லாத கேள்வி.
எலியோடோரோ என்னைப் பார்த்தான்,
நான் கம்பியைப் பார்த்தேன்.
"நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."
நாக்கு ஒட்டிக்கொண்டது.
"டாக்டரிடம் இருமலைச் சொல்லுங்கள். மாற்று இருக்கிறது.
நாங்கள் இன்னும் மாணவர்கள்தான்."
காலிச் சீட்டு ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
அன்று மட்டும் பையைத் திறந்து,
புத்தகத்தில் சரிபார்த்த பிறகு.

தேர்வில் அறுபத்தெட்டு.
சிறுநீர்ப்பெருக்கிக் கேள்வியில் கோட்டை விட்டேன்,
மறுநாள் அது சீட்டுக்கட்டின் மேலே ஏறியது.
செனோபியோவை இப்போது காண்பதில்லை.
வேறு நேரமோ, வேறு சந்தையோ,
இருமல் என்ன ஆயிற்றோ.
சார்ட்டான் சீட்டு வரும்போதெல்லாம்
எதிர் இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
விடை சொல்கிறேன்.