பச்சை விலகிய விதம்

கோத்தகிரியில் நான்கு நாளாக வெயில் இல்லை.
ஸ்கிரீனில் பூசிய எமல்ஷன்
குளியலறை இருட்டில் இன்னும் பிசுபிசுக்கிறது.
ஹேர் டிரையரைப் போட்டால் ஃபியூஸ் போகிறது.
கீழ்வீட்டுக் கெப்பி அக்கா படியேறி வந்து கேட்டாள்:
"உன் எருமைக்கு என் மோட்டார்தான் பலியா?"

நாற்பது அட்டை. சனிக்கிழமைக்குள்.
கதை இவ்வளவுதான்:
காட்டெருமை ஒன்று கொழுந்து பறிக்க வேலை கேட்டு வருகிறது.
மேஸ்திரி கூடை மாட்டிவிடுகிறார்.
மூன்றாவதில் அது பாத்தியில் நிற்கிறது, பவ்யமாக.
நான்காவது கட்டம் காலி.
சிரிப்பு வரட்டும், கையாலேயே வரைந்துகொள்ளலாம் என்று
கறுப்பை மட்டும் எல்லாவற்றிலும் அடித்து
கொடியில் கிளிப் போட்டிருந்தேன்.

ஒருவழியாக இன்று பச்சை.
ஸ்க்வீஜியை இழுத்தேன், கை நடுங்கவில்லை.
ஈரத்தில் ஊதிய மரச்சட்டம்தான்
அரை விரற்கடை நகர்ந்துவிட்டது.
தூக்கிப் பார்த்தால்
செடியில் இருக்கவேண்டிய கொழுந்தெல்லாம்
எருமையின் வாயில்.

தனியாகச் சிரித்தேன். கீழே கேட்டிருக்கும்.

நான்காவதில் மேஸ்திரி
வெறும் கூடையைத் தராசில் வைக்கிறார்.

இனி முப்பத்தொன்பது முறை
இதே பிழையைப் பிழையில்லாமல் செய்யவேண்டும்.
ஜன்னலில் வெளுக்கிறது.
வெயிலே,
சட்டம் காய்ந்து நேராகிவிடும்,
கொஞ்சம் பொறு.