பதினொன்றா, பன்னிரண்டா

பிப்ரவரி. சனிக்கிழமை. காலை ஒன்பது.
கனெக்டிகட் ஆறு கடலை நோக்கி வடிந்துகொண்டிருக்கிறது,
சாம்பல் நிறப் பனிப்பாளங்களைத் தோளில் ஏற்றி.
நாற்பத்தொரு பேரை எண்ணி உள்ளே விட்டு
கயிற்றை அவிழ்த்தேன்.
கையுறைக்குள் இருந்த விரல்கள் என்னுடையவையாக இல்லை.

போர்வை கொடுப்பது, காபி ஊற்றுவது,
தளத்தில் உறையும் நீரை உப்புப் போட்டு உடைப்பது,
"ஒன்றையும் காணோமே" என்பவர்களிடம்
"இப்போதுதானே கிளம்பினோம்" என்று சிரிப்பது:
மூன்று குளிர்காலமாக இதுதான் என் வேலை.

வடக்கே ஏரிகள் இறுகி மூடிக்கொண்டால்
மீன் தெரியும் தண்ணீரைத் தேடி
கழுகுகள் இங்கே இறங்கி வருகின்றன.
ஒலிபெருக்கியில் மார்சியா வோய்சிக்:
பெயரில்தான் மொட்டை, தலை நிறைய வெள்ளை இறகு.
அந்த வெள்ளைக்கும் ஐந்து வருடம் ஆகும்.
அதுவரை பழுப்பு.
அதுவரை யாரும் படம் எடுப்பதில்லை.

முதல் கழுகு ஒரு பிளாஸ்டிக் பை.
இரண்டாவதும்.
மூன்றாவதை யாரும் நம்பவில்லை,
அது கிளையைவிட்டு எழும்வரை.

கத்தியது.
துருப்பிடித்த கீல் எண்ணெய் கேட்பதுபோல் ஒரு குரல்.
"அவ்வளவுதானா?" என்றான் டெக்லன், ஏழு வயது.
சினிமாவில் கேட்பது வேறொரு பறவையின் குரல் என்று
மார்சியா ஒவ்வொரு பயணத்திலும் சொல்வாள்.
ஒவ்வொரு பயணத்திலும் யாராவது
கடன் ஏமாந்த முகத்தோடு
காபிக் கோப்பைக்குள் குனிந்துகொள்வார்கள்.

மூன்றாம் முறை சர்க்கரை கேட்டு வந்தார் ஓரின் ஹாஸ்கெல்.
மேலே உள்ள பாலத்தைக் கப்பல்களுக்குத் திறந்து மூடியவர்.
அந்த வருடங்களில் ஒன்றுகூட இல்லை என்றார்.
வயலுக்கு அடித்த மருந்து மீனுக்குள் போய்,
மீன் கழுகுக்குள் போய்,
அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே
முட்டைகள் நொறுங்கின.
தொடர்ந்து நான்காவது சனிக்கிழமை வருகிறார்.
தொலைநோக்கி நீட்டினால் வேண்டாம் என்கிறார்.
இன்னொரு சர்க்கரைப் பொட்டலம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

தீவைத் தாண்டியதும் கேப்டன் பிராக்வே
எஞ்சினை அணைத்தார்.

பனிப்பாளம் ஒன்று எங்களோடு வந்துகொண்டிருந்தது.
அதன்மேல், ஒரு வாத்தின்மேல்,
நின்றது கழுகு.
வடியும் நீர் இருவரையும் ஒரே வேகத்தில் இழுத்தது.
இரண்டு படகுகள்.
அதன் படகில் ஒரே பயணி, சாப்பாட்டோடு.

பிய்த்தது. தலையை உதறியது. பிய்த்தது.
காற்றில் எழுந்த மென்தூவிகள்
எங்கள் தளத்தில் வந்து விழுந்தன.
பாளத்தில் சிவப்பு பரவியது, அதிகமில்லை.
டெக்லனின் கண்ணை மூட எழுந்த அம்மாவின் கை
பாதியில் நின்றுவிட்டது.

குளிரில் கைபேசிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.
எதிலும் பிடிக்க வழியில்லாமல்
நாற்பத்தொரு பேரும் வெறுமனே பார்த்தார்கள்.

எங்கிருந்தோ வந்த காகம்
பின்னால் நடந்துபோய் வாலைப் பிடித்து இழுத்தது.
கழுகு காகத்தைப் பார்த்தது.
பிறகு எங்களைப் பார்த்தது.
இரண்டும் ஒரே பார்வைதான்;
எங்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை.

பாளம் மெல்லச் சுழலத் தொடங்கியது.
கழுகு அசையவில்லை.
ஆறே அதைத் திருப்பி
அதன் முதுகை எங்களுக்குக் காட்டியது.

ஹாஸ்கெல் கோப்பையைத் தூக்கினார்,
குடிக்கவா, வேறெதற்கா, தெரியவில்லை.

கரையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது
சுக்கான் அறையிலிருந்து பிராக்வே கத்தினார்:
"பதினொன்றா, பன்னிரண்டா?"
பன்னிரண்டு என்றாள் மார்சியா.
பனிப்பாளத்தில் வந்தது
கிளையில் இருந்த அந்த மூன்றாவதாகவும் இருக்கலாம் என்றேன்.
இருக்கலாம் என்றாள்.
இல்லாமலும் இருக்கலாம் என்றாள்.

பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அடுத்த கட்டத்தில், வாத்துகள்,
காலையில் எழுதிய நூற்று அறுபது இருந்தது.
பென்சிலை நாக்கில் தொட்டு
நூற்று ஐம்பத்தொன்பது ஆக்கினேன்.

ஒரு மணிப் பயணத்துக்கு
வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது.
உப்பு தீர்ந்துபோயிருக்கிறது.