பட்டாணிக்கு ஐந்து டிகிரி போதும்

இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கிற
வெப்பமானியைத்தான்
மண்ணில் செருகினேன்.
மூன்று.
நேற்றும் மூன்று.
ஏப்ரல் பிறந்து பத்து நாளாகியும்
கொட்டகையின் வடக்குச் சுவரோரம்
அழுக்குப் பஞ்சு மாதிரி கொஞ்சம் பனி
போக மனமில்லாமல் கிடக்கிறது.

வீட்டுக்குள் வசந்தம் எப்போதோ வந்துவிட்டது.
ஜன்னல் விளிம்பெல்லாம்
தயிர்க் கோப்பைகளில் தக்காளி நாற்று.
திரையை இழுத்து மூட வழியில்லை,
சாலையில் போகிறவர்கள்
எங்கள் இரவுச் சாப்பாட்டை எண்ணிக்கொண்டு போகலாம்.
முட்டை அட்டைகளில் விதைக்கிழங்கு
டாலிஸின் மேசைமேல் முளைகட்டுகிறது.
ஏழு கிழங்குக்குப் பெயர் வைத்திருக்கிறான்.
பெயர் வைத்ததைப் புதைக்க விடமாட்டானாம்.
ஐந்து வயதுக்காரனோடு
இதை நான் எப்படி வாதாடுவது?

ஆடு நேற்றிரவு ஈன்றது.
இரண்டு குட்டி.
ஒன்று எழுந்து நின்றது.
மற்றது அடுப்போரம்
குந்தார்ஸின் பழைய கம்பளிச் சட்டைக்குள்
மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது.

நாரை வந்துவிட்டது, மின்கம்பத்துக் கூட்டில்.
ஆண் முதலில் வந்து குச்சி அடுக்கும்,
பெட்டை பின்னால் வரும்.
எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு
எங்கோ தலைகீழாகிவிட்டது.

தொலைபேசியில் சொன்னான்,
ஜூன் வரை நீட்டித்திருக்கிறார்கள் என்று.
அயர்லாந்தில் காளான் பறிக்கிறான் என் புருஷன்.
நெற்றியில் விளக்கு, ஏணித் தட்டு, இருட்டு.
'இங்கே மாதமே மாறாது,
ஆண்டு முழுக்க ஒரே ஈரம்' என்றான்.
கடன் தவணை, டிராக்டர் வாடகை,
மதாராவின் பல் கம்பி,
எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு
'சரி' என்றேன்.
பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
பிர்ச் மரத்துச் சாறு
ஜாடிக்குள் சொட்டுகிற சத்தம்
அன்றிரவு படுக்கை வரைக்கும் கேட்டது.
கேட்டிருக்க முடியாது, தெரியும்,
மரம் இருப்பது வேலிக்கு அப்பால்.

பதிமூன்றாம் தேதி காலை:
ஐந்து.
ஒரு பிடி மண்ணை உருட்டினேன்.
தட்டியதும் உதிர்ந்தது.
பள்ளிப் பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
பட்டாணி ஊறிய கிண்ணத்தோடு திரும்பினால்
மதாரா வருகிறாள்,
அப்பாவின் ரப்பர் பூட்ஸில்.
விரல் பக்கம் செய்தித்தாள் அடைத்திருக்கிறாள்,
நடக்கும்போது சரசரக்கிறது.
வரிசைக்கு வரிசை இரண்டு பூட்ஸ் நீளம்:
அவன் அளவு அதுதான், எப்போதும்.
குதிகாலோடு நுனி சேர்த்து
குதிகாலோடு நுனி சேர்த்து
கயிறு இழுத்தாள்,
முளையடித்தாள்,
என் பக்கம் பார்க்கவேயில்லை.
'ஜூன் என்று உனக்கு யார் சொன்னது?'
என்று நான் கேட்கவில்லை.
'ஆழம் எவ்வளவு?' என்று அவள் கேட்டாள்.
'உன் நடுவிரலில் இரண்டு கணு.'

டாலிஸ் கிண்ணத்திலிருந்து
ஒவ்வொன்றாகப் போட்டான்.
பட்டாணிக்குப் பெயரில்லை,
எண்ணிக்கை அதிகம் என்பதால் தப்பித்தது.
நான்காம் வரிசை கொஞ்சம் கோணல்.
அந்நேரம் பேருந்து ஹார்ன் அடித்ததால்
சேற்றுப் பூட்ஸோடேயே ஏறிப் போய்விட்டாள்.
அவள் சப்பாத்து வாசலில் கிடந்தது, மாலைவரை.

இரவு அவன் கூப்பிட்டான்.
'மண் எத்தனை டிகிரி?'
'ஐந்து.'
'அப்படியானால் பட்டாணி...'
'போட்டாயிற்று.'
அங்கே ஏதோ பெரிய மின்விசிறி சுற்றுகிறது.
'இடைவெளி?'
'இரண்டு பூட்ஸ்.'
கொஞ்சநேரம் மின்விசிறி மட்டும்.
'யார் பூட்ஸ்?'

குட்டி எழுந்துவிட்டது,
சமையலறைத் தரையில் கால் வழுக்கி வழுக்கி
நாற்காலிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.
'இரு,' என்றேன்.
'கிழக்கு ஜன்னல் தக்காளி எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது,
திருப்பி வைத்துவிட்டு வருகிறேன்.'