முகமூடி பொருந்த

அரிசி நீளம் முள்ளிருந்தாலும் காற்று நுழையும் என்றார்
பாதுகாப்பு அதிகாரி தேவசகாயம்.
அன்றிரவே பதினோரு வருடத் தாடியை எடுத்தேன்.
காலையில் என்னைப் பார்த்த யாழிசை
கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதிலிருந்து தினமும் சவரம்.
தினமும் என்றால் ஞாயிறும், நோம்பியும்.
இரண்டாம் வாரம் கழுத்தெல்லாம் சிவந்து
கம்பு விதைத்த மாதிரி முளைத்தது.
"ஏனுங்க, அம்மையா?" என்றாள் கோகிலவாணி
ஒரு எட்டுத் தள்ளி நின்று.

அம்மையில்லை, பிளேடு.

மங்கலம் ரோட்டு நாட்டுமருந்துக் கடையில்
பத்து ரூபாய்க்குப் படிகாரம்.
விரல் நீளக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் மூட்டம்.
குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவி
ஈரத்தோடு இழுக்க வேண்டும், காதடியில் தொடங்கி.
எங்கே பிளேடை அழுத்தினேனோ
அங்கே மட்டும் எரியும்.
தாடைத் திருப்பம்,
குரல்வளைக்கு இடப்புறம்,
அவசரப்பட்ட மேலுதடு.
ஒன்றையும் விடாது, கணக்குப்பிள்ளை.
முப்பது எண்ணிக் கழுவிவிட்டால்
முதல் சலவைக்குப் போன பனியன் மாதிரி
தோல் சுருங்கிப் பிடிக்கும்.

அதற்கு மேல் பூசத்தான் அந்தப் பாட்டில்.
மச்சினன் ஆன்லைனில் தருவித்தது.
விட்ச் ஹேசல்.
"விட்ச்சுன்னா?"
"சூனியக்காரி."
அவள் நிலைப்படியை அண்ணாந்து பார்த்தாள்.
கறுப்புக் கயிற்றில் அங்கேயும் ஒரு படிகாரம்,
கண்ணேறு அண்டாமலிருக்கக் கட்டியது.
"அதை வாசல்ல காவல் வெச்சுப்போட்டு
இவளைக் காசு குடுத்து உள்ள கூப்புட்டுக்கறீங்களாக்கும்."

ஏதோ செடியின் பட்டையாம்.
ஈர விறகின் வாசம்.
பஞ்சு வாங்கவில்லை, திருப்பூரில் எதற்குப் பஞ்சு?
கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துண்டு,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ கைக்குழி வெட்டியதில்
மிஞ்சிய பிறை.
அதை நனைத்து ஒற்றுவேன்.
எரிந்த இடமெல்லாம் மெல்ல வாய் மூடும்.

வேலையிலும் எனக்கு அதே கல்தான், மூட்டைக் கணக்கில்.
ஆறு பீக்கரில் சாயத் தண்ணீர்,
ஆறு அளவில் படிகாரம்.
நேற்று வந்தது கரும்பச்சை.
நாலாவது பீக்கரில் சாயம் பால் போலத் திரிந்து
அடியில் போய்ப் படுத்தது.
மேலே தெளிவு, குடிக்கலாம் போலத் தெளிவு.
குடித்தால் உப்பு.
உப்பை இந்தக் கல் ஒன்றும் செய்வதில்லை.
அது அடுத்த கட்டடம், வேறு ஆட்கள்.

பொழுதோட தொட்டி இறங்கும் முறை பிஸ்வஜித்துக்கு.
தாமதமாக வந்தவன் குழாயடியில் நின்று
சோப்பில்லாமல் வழித்திருக்கிறான்.
தாடையில் நூலாய் ரத்தம்.
மாட்டினால் ரப்பர் வழுக்குகிறது.
தேவசகாயம் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

டிபன் பையிலிருந்து கட்டியை எடுத்தேன்.
"பிட்டிகிரி!" என்றான்
பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரனைக் கண்ட குரலில்.
ரத்தம் பட்டதைத் திருப்பி வாங்க முடியாது,
என் கழுத்திலும் கீறல் இருக்கிறது.
கைப்பிடிக் கம்பியில் வைத்து ஸ்பேனரால் ஒரு தட்டு.
பாதியாக உடையட்டும் என்று நினைத்தேன்.
அதற்குத் தோன்றிய இடத்தில் உடைந்தது.
பெரியது அவன் பக்கம் விழுந்தது.

கண்ணை இறுக்கிக்கொண்டு தேய்த்தான்.
அவன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை.
துடைத்து, மாட்டி,
காற்றுக் குழாயை உள்ளங்கையால் அடைத்து
மூச்சை இழுத்தான்.
ரப்பர் கன்னத்தோடு ஒட்டி நின்றது.
ஏணியில் இறங்கினான்.
கயிற்றின் மறுமுனை என் கையில்.
நாற்பது நிமிடம்.
அவன் இரண்டு முறை இழுத்தால்
நான் இரண்டு முறை இழுப்பேன்.

என்னிடம் மிஞ்சியது புளியங்கொட்டை அளவு.
இன்று காலை விரலிடுக்கில் நிற்காமல் நழுவி
பாத்ரூம் துளைக்குள் போய்விட்டது.
போகட்டும், அங்கேயும் அதற்கு வேலை இருக்கும்.
பாட்டிலை மட்டும் திறந்து ஒற்றிக்கொண்டேன்.
குளுமையாகத்தான் இருந்தது.
எங்கே அழுத்தினேன் என்று
இன்றைக்கு யாரும் சொல்லவில்லை.