முக்கால் நொடி

கந்தம்பட்டி பைபாஸ் எடைமேடையில்
மரவள்ளி லாரிகளுக்குச் சீட்டு கிழிப்பது என் வேலை.
பதினொரு மணிக்கு மேல் வண்டி ஓய்ந்ததும்
நானே ஏறி நிற்பேன்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அந்த மேடை மதிக்காது.
நவம்பரில் எண்பது என்றது.
பிப்ரவரியிலும் எண்பது.
நடுவில் நான் தின்னாமல் விட்ட பரோட்டாக்கள்
எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

போன சீசன் கடைசிப் பந்தயம், கோயம்புத்தூர் தடம்.
பதினான்கு பேரில் பதினொன்றாவது.
பத்தாவது ஆளுக்கும் எனக்கும்
சுற்றுக்கு முக்கால் நொடி.
லீ பஜாரில் மூட்டை கட்டி விற்கிற சரக்கா அது,
போய் வாங்கி வர?

எஞ்சினில் இருக்கிறது என்கிறான் தீர்த்தகிரி.
அவன் வீட்டுச் சமையலறையில்தான் எஞ்சின் இப்போது
பழைய செய்தித்தாள் மேல் பிரிந்து கிடக்கிறது.
தாமரைச்செல்வி அதைத் தாண்டித் தாண்டி
தோசை சுடுகிறாள்.
பூனாவிலிருந்து ஒரு ஷிம் வர வேண்டும்,
நகக்கண் அளவு,
அது வரும்வரை அந்த வீட்டில் யாரும்
கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாது.

பனங்காட்டுக் கொலுசுப் பட்டறைத் தராசில்
போல்ட்டுகளை நிறுத்தோம்.
இரும்பைக் கழற்றி அலுமினியம் போட்டதில்
முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம் மிச்சம்.
"இதுக்கு ஒருவாட்டி ஒண்ணுக்குப் போயிட்டு வந்து ஏறலாமே தம்பி"
என்றார் பட்டறைக்காரர்,
பற்றவைப்பிலிருந்து தலை நிமிராமல்.

தோல் சூட்டின் இடது முழங்கையை
மூன்றாம் வளைவு தின்றிருந்தது.
செவ்வாய்பேட்டையில் லாரி சீட்டு தைக்கிற பர்வேஸ்
உள்ளே இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தார்.
காசை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"உள்ள இருந்த ஆளு நல்லா இருக்காரா?"

ஞாயிறு விடிவதற்குள் ஏற்காடு அடிவாரம்.
மிதிவண்டியில்.
டீக்கடையில் யாரும் நம்புவதில்லை,
ரேஸ் ஓட்டுகிறவன் இருபது கொண்டை ஊசியையும்
முட்டி உரச ஏறமாட்டானா என்கிறார்கள்.
தடத்தில் எதிரே பஸ் வராது,
குரங்கு குறுக்கே பாயாது,
காபி மூட்டையோடு ஜீப் இறங்காது.
அதனால்தான் அங்கே சாய்கிறேன்.
இங்கே மூச்சுக்கு மட்டும் வேலை.
ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தேன்.
பதினொன்றில் அரசுப் பேருந்து முந்தியது,
ஜன்னலோரம் ஒரு குழந்தை
எனக்குக் கை காட்டிக்கொண்டே மேலே போனது.

இரவில் கட்டிலில் கண்ணை மூடி
ஒரு சுற்று ஓட்டுவேன்.
இடது கையில் ஸ்டாப்வாட்ச்.
நேர்ப்பாதை. பிரேக். இரண்டாம் கியர்.
இடுப்பை நகர்த்து. பார்வையை முன்னே எறி.
வந்து பார்த்தால் இங்கேயும்
அதே முக்கால் நொடி கூடுதல்.
கட்டிலுக்கு எஞ்சின் இல்லை,
போல்ட் இல்லை,
நான் எத்தனை கிலோ என்று அது கேட்பதும் இல்லை.

சார்ஜர் எடுக்க வந்த தங்கை நித்யகலா
கதவோரம் நின்றாள்.
"மூணு நாளாப் பாக்கறேன்.
வாய்க்குள்ளயே உறுமிக்கிட்டுப் படுத்திருக்க.
நடுவுல ஒரு எடத்துல மட்டும்
வலது மணிக்கட்டு திரும்புது,
குழாயை மூடற மாதிரி."

ஃபேனைக் கூட்டி வை என்றேன்.

மார்ச் வந்துவிட்டது. ஷிம் வரவில்லை.
நேற்று எடைமேடை எழுபது என்றது.
ஒரே ராத்திரியில் பத்துக் கிலோ இறங்கினேனாம்.
தீர்த்தகிரிக்குப் போன் போட்டுச் சொன்னேன்,
மேடையைச் சரிபார்க்கச் சொன்னான்.

இப்போதெல்லாம் முழுச் சுற்று ஓட்டுவதில்லை.
லாரி வராத நேரத்தில், கூண்டுக்குள், நாற்காலியில்,
மூன்றாம் வளைவை மட்டும்.
வலது கையைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு.
உள்ளே நுழைகிற இடத்தில்
அது இன்னும் திமிறுகிறது,
பிடித்த மீன் போல.
ஒருமுறை, ஒரே ஒருமுறை, திமிறவில்லை.
அப்போது பார்க்கவா தூங்கிப்போனேன் என்று சந்தேகம்.

ஹாரன்.
சங்கிலி ஆட மேடையேறுகிறது ஆத்தூர் வண்டி.
பதினெட்டு டன் கிழங்கு.
சீட்டு கிழிக்க
வலது கையை எடுக்க வேண்டும்.
கொஞ்சம் பொறு, அண்ணே.
வளைவு இன்னும் முடியவில்லை.