சேங்கொட்டைக் குறி

ஜப்பான்காரன் வந்த மூன்றாம் வருஷம்
ஜெர்மன்காரன் அழுக்கும் என்னிடமே வந்தது.
டீசல் நாற்றம், புளித்த வேர்வை.
நீருக்கடியில் நாற்பது நாள் மூச்சுவிட்ட துணி.
பொதியை அவிழ்த்தபோது
ஆயர் ஈத்தாம் ஆறே
ஒரு முழம் பின்வாங்கியது போலிருந்தது.

இருபத்திரண்டு சட்டை.
சவுக்காரம் ஏது? சாம்பலும் உவர்மண்ணும்தான்.
பதினேழாவதைக் கல்லில் விரிக்கையில்
கழுத்துப்பட்டையின் உள்பக்கம்
மூன்று புள்ளி, ஒரு கொக்கி.

என் கை போட்ட குறி.

சேங்கொட்டைச் சாறும் சுண்ணாம்பும்.
வெள்ளாவிக்கு அழியாது, வெயிலுக்கு அழியாது.
கடலுக்கும் அழியாதென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய கணக்கு நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம்:
சவேரியான் பர்னாந்து, தூத்துக்குடி.
சரக்குக் கப்பலில் ஸ்டூவர்டு.
வெள்ளைச் சட்டை ஆறு, கஞ்சி கூடுதலாக.
பாக்கி இரண்டு வெள்ளி.
"அடுத்த நடைக்குத் தாரேன் மாசிலாமணி,
நான் எங்க ஓடிடப் போறேன்?"
பினாங்கில் குண்டு விழ எட்டு நாள் இருந்தது.

ஓடியிருக்கலாம்.
அவன் படகில் ஏறி
பெட்டி மட்டும் மிதந்திருக்கலாம்.
டார்பிடோ அடித்த கப்பலிலிருந்து
யார் எதை எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள்,
சட்டையைக் கேட்டால் சொல்லுமா?
இடது கையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு,
கறுப்பு நூலில் தைத்தது.
தைத்தது இவனா, அவனா?
அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
அடுப்பு அணைந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தான்.
பையன்தான், இருபது இருக்குமா?
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
விரல் மடக்கி மடக்கி எண்ணினான்.
ஒன்று குறைந்தால் கெம்பெத்தாய் வந்து கேட்கும்.
இருபத்திரண்டையும் கொடுத்தேன்.
பதினேழாவதை மூக்கருகே கொண்டுபோய்ச்
சிரித்தான்.
மரவள்ளிக் கஞ்சி அது, தம்பி.

வாழைமர நோட்டு பாதிதான் இருந்தது அவனிடம்.
கடலைக் காட்டினான், பிறகு கரையைக் காட்டினான்,
மார்பைத் தொட்டுக்கொண்டான்.
புரிந்தது. அடுத்த நடைக்கு.

அவன் பெயர் என் வாயில் நுழையாது.
முந்தின நாளே அவனுக்கொரு வட்டம் போட்டிருந்தேன்,
பழைய கொக்கிக்குப் பக்கத்தில்.
இடம் போதாமல்
மை ஒன்றில் ஒன்று ஊறிவிட்டது.

மறுவாரம் துறைமுகத்தில் அந்த நீர்மூழ்கி இல்லை.
அதற்கடுத்த வாரமும்.
சண்டை ஓய்ந்து, நோட்டெல்லாம் குப்பையாகி,
பழைய வெள்ளி திரும்பி வந்துவிட்டது.

நாளெல்லாம் துணியை அடிக்கிறேன்.
நோட்டில் அந்த இரண்டு பாக்கியை மட்டும்
இன்னும் அடிக்கவில்லை.